ஊசியில் வந்த துளியும் உங்கள் கேள்விகளும்

இன்று காலை ஸ்கேன் எடுக்கும் பெண் என் கழுத்தில் ஜெல் தடவினாள். அந்தச் சில்லிப்பு பட்டதும், "ஏம்மா, வெறும் தண்ணி போட்டா படம் தெரியாதா?" என்று நீங்கள் பக்கத்தில் நின்று கேட்பது போலவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செராஸ், ஸ்ரீ கெம்பாங்கான் என்று ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன மனிதர் நீங்கள். எதைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று கேட்காமல் விடமாட்டீர்கள். விருந்துக்குப் போன வீட்டில் ஐஸ்பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். "கேட்டா வாய் தேஞ்சா போயிடும், ரூத்து?" என்பீர்கள்.

என் கழுத்துக் கட்டியை முதலில் கண்டதும் நீங்கள்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். "இன்னொரு மடக்கு குடி... உன் தொண்டையில ஏதோ ஏறி இறங்குது" என்று முகத்தருகே குனிந்தீர்கள். எரிச்சல்பட்டேன். மறுவாரமே கிள்ளானிலிருந்து ரயிலேறி கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போனோம்.

தைராய்டுக் கட்டி என்றார்கள். மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். அந்த இளம் டாக்டரம்மா முடிவைச் சொன்னது நினைவிருக்கிறதா? "கேன்சர்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல ஆன்டி. பாதி தைராய்டை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

குரல் நரம்பு அதை ஒட்டித்தான் போகிறது, அபூர்வமாக அடிபடலாம் என்றும் சொன்னார். ஞாயிறு ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான். கேன்சரைவிட அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது; உடனே கேட்டீர்கள்.

"டாக்டர், வெட்டாம உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வழியே இல்லையா?"

"ஒரு வழி இருக்கு அங்கிள். ஜீன் டெஸ்ட். இன்னொரு தடவ ஊசி போட்டு எடுத்து, வெளிநாட்டு லேப்புக்கு அனுப்புவோம். செல்லுக்குள்ள எழுத்து வரிசை மாதிரி ஒண்ணு இருக்கு. கேன்சர் கட்டியில சில இடத்துல எழுத்து மாறியிருக்கும். அதைத் தேடுவாங்க."

"மாறாம இருந்தா?"

"கேன்சரா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. சுத்தமா இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"மாறியிருந்தா, எங்க மகளுக்கும் வருமா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. பெரும்பாலும் அந்த மாற்றம் கட்டிக்குள் மட்டும் நடப்பது, பரம்பரையாக வருகிற வகை அரிது, அதையும் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர்.

மறுபடி ஊசி போட்டுத் திரும்பும்போது, ரயிலில் உங்கள் விரல் நுனியையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். "இத்துனூண்டு துளி. அதுக்குள்ள எவ்ளோ சமாச்சாரம் பாரேன்! ரிசல்ட் வரட்டும், அந்தப் பொண்ணை இன்னும் நாலு கேள்வி கேக்கணும்."

முடிவு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். என் கழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வீட்டில், உங்கள் நெஞ்சைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

அடக்கம் முடிந்து, வீட்டில் இன்னும் ஆட்கள் இருந்தபோதே மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். மகள்தான் அழைத்துப் போனாள். "அங்கிள் வரலையா?" என்று டாக்டர் கதவைப் பார்த்தார். மகள் சொன்னாள். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "தேடின மாற்றம் எதுவும் இல்ல ஆன்டி. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்தாப் போதும்" என்றார்.

வழக்கமாகத் தலையாட்டிவிட்டு எழுந்திருப்பேன். அன்று எழவில்லை.

"ஊசி சரியான எடத்துலதான் குத்துச்சுன்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டேதான் குத்தினோம், போதுமான செல்கள் இருந்தனவா என்றும் லேப்பில் பார்த்துவிட்டார்கள் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப இது ஏன் வளர்ந்துச்சு?"

யோசித்தார். "தெரியல ஆன்டி. உண்மையாவே எங்களுக்குத் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு முதல் சிரிப்பு. மகள் பயந்துபோனாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? படித்தவர் ஒருவர் தெரியாது என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு எத்தனை குஷி! கிள்ளான் வரும்வரை அதையே பேசியிருப்பீர்கள்.

கட்டி வளரவில்லை என்றார்கள் இன்றும். பாட்டும் நிற்கவில்லை. அது ஏன் வந்தது என்ற கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் டாக்டரிடம், "இப்பவாச்சும் தெரிஞ்சுச்சா?" என்று கேட்கிறேன். "இன்னும் இல்ல ஆன்டி" என்பார். இன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க விடவே மாட்டீங்களா?" என்று சிரித்தார்.

விடுவதாக இல்லை.