சங்கிலியின் மருமகன்

ஆறாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
10.09.2023

என் அன்பானவருக்கு,

இங்கே நானும் மகளும், அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஊர்க்காரர், போனில் மனம்விட்டுக் கதைக்க முடியாது, கடிதம் எழுதும் என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் நான் ஏதாவது சொல்லத் தொடங்கியதும் "ஓம், ஓம், பிறகு" என்று போனை வைத்துவிடுகிறீர்களே, அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் யாரிடம் சொல்வேன்?

தர்மிளா பள்ளிக்கூடத்தில், "எங்கட அப்பா பிரான்சில பஸ் ஓடுறார்" என்று சொல்லித் திரிகிறாள். இங்கே நீங்கள் காமென்ட்ஸில் உடுப்புத் தைக்கும் பிள்ளைகளை ஏற்றும் பஸ் ஓடியதை அவளுக்கு நான்தான் சொன்னேன். திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அப்பாவுக்கு நெஞ்சுச் சளி குறையவில்லை. ஆஸ்பத்திரியில் நிற்கச் சொன்னார்கள். உழவு தொடங்கப் போகிறது என்று வந்துவிட்டார். இம்முறையும் உங்கள் ஐயாவின் வயலில்தான் வேலை. "சம்பந்தி வயல்ல கூலிக்கு நிக்க வெக்கமா இல்லையா?" என்று அம்மா கேட்டார். "நாப்பது வருசமா நான் கட்டின வரம்பு. சம்பந்தம் பண்ணிட்டேன்னு விட்டுருவேனா?" என்று அப்பா இருமிக்கொண்டே சிரித்தார். உங்கள் ஐயா அவரோடு வேலை பற்றிக் கதைப்பார். என்னைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார்.

ஊர்ச் சுடலைக்கு வெளிநாட்டுக் காசில், உங்கள் ஐயாவின் தலைமையில், கூரை போட்டு எரிகொட்டகை கட்டுகிறார்கள். தம்பி சஜீவனுக்கு அங்கே மேசன் வேலை கிடைத்திருக்கிறது.

பதில் போடுங்கள். நீளமாக.

உங்கள்
சுமி


பாரிஸ்,
04.10.2023

அன்புச் சுமிக்கு,

உம்முடைய கடிதத்தை உணவகக் குசினிக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். கோப்பை கழுவிய ஈரக் கை பட்டு, சில இடங்களில் மை கலங்கிவிட்டது. திரும்பத் திரும்ப வாசித்ததால் அந்த வரிகளும் மனப்பாடம்.

நல்ல செய்தி சொல்கிறேன். என் வழக்கு வென்றுவிட்டது. அகதி அட்டை தந்துவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு நான் இலங்கைக்கு வர முடியாது. ஆனால் உம்மையும் மகளையும் இங்கே எடுக்கலாம். பத்திரங்கள் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. கோபிக்காமல் வாசியும். இங்கே வெள்ளைக்காரனுக்கு நாங்களும் வங்காளியும் பாகிஸ்தான்காரனும் எல்லாரும் ஒன்று. எங்கட ஆட்கள்தான் பெயரைக் கேட்ட கையோடு, "ஊரில எவடம்? தேப்பன் ஆர்?" என்பார்கள். வேலை, அறை, பிரெஞ்சுக் கடிதம் வாசித்துச் சொல்ல ஆள் என்று எல்லாம் ஊர்ச் சங்கத்தின் கையில்தான். தலைவர் வீரகத்தி அண்ணைதான் எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர். போன ஞாயிறு அவர், "தம்பி கலியாணம் கட்டின இடம் எவடம்?" என்று கேட்டார். நான் கதையை மாற்றிவிட்டேன்.

வருவதற்குள் கொஞ்சம் பழகிக்கொள்ளும். "ஆமா", "வாங்க" என்ற உங்கள் மலைநாட்டுப் பேச்செல்லாம் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளும். பிள்ளைக்கும் சொல்லிக்கொடும். என் மனதில் ஒன்றும் இல்லை என்று உமக்குத் தெரியும். உம்மைக் கட்டியதற்காக ஐயா என்னை வீட்டை விட்டுத் துரத்தியபோது, தன் வீட்டில் இருத்திச் சோறு போட்டவர் உம்முடைய அப்பா. அதை மறக்கமாட்டேன்.

அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்.

அன்புடன்,
சிவகரன்


ஆறாம் வாய்க்கால்,
15.12.2023

அன்புள்ளவருக்கு,

அன்றைக்குப் போனில் சொல்லி முடிக்க முடியாததை எழுதுகிறேன்.

அப்பா ஆறாம் திகதி காலையில் காலமானார். மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டார். அதிகம் வருந்தவில்லை என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறார். நான் பக்கத்தில் இருந்தேன். வருந்தினார்.

மழை விடவேயில்லை. குளம் நிரம்பி வான் பாய்ந்து, எங்கள் ஆட்களை அடக்கம் செய்யும் காட்டுக்கரை முழுவதும் முழங்கால் அளவு தண்ணீர். கூரையோடு இருப்பது ஊர்ச் சுடலையின் அந்த எரிகொட்டகை ஒன்றுதான். அதனால்தான் உங்களுக்குப் போன் எடுத்தேன். "நான் ஐயாவோட கதைக்கிறன், வையும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் எடுத்த போதெல்லாம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நீங்கள் கதைத்திருப்பீர்கள் என்று நம்பித்தான் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. உங்கள் ஐயாவோடு கதைக்க வேறு ஆள் இல்லையென்று நானும் போனேன்.

உங்கள் ஐயா குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவரோடு இன்னும் சிலர்.

"சங்கிலி நல்ல மனுசன், நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார். "ஆனா இது நான் தனிய எடுக்கிற முடிவில்லை. காசு தந்தவை வெளிநாட்டில இருக்கினம். அவைக்கு ஆர் பதில் சொல்லுறது? உங்கட ஆக்களுக்கு வேற இடம் இருக்குத்தானே."

"அங்க தண்ணி நிக்குது மாமா," என்றேன்.

"அப்ப மழை விடட்டும்."

சஜீவனுக்குப் பொறுக்கவில்லை. "கூரைக்கு ஏறிச் சீமெந்து பூசேக்க மட்டும் நாங்கள் வேணும், என்ன?" என்று கேட்டான்.

வாசல் சுவரில் கருங்கல் பதித்து, உதவி செய்தவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். நடுவில் "ப. சிவகரன் குடும்பம், பிரான்ஸ்" என்று இருந்தது. குடும்பம் என்றால் நானும் தர்மிளாவும்தானே? அப்பாவை மழைக்குள் வைத்துக்கொண்டு நான் அதை வாசித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு காட்டுக்கரையில் கொஞ்சம் மேடாகப் பார்த்துக் கிடங்கு வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. இறக்கியதும் பெட்டி மிதந்தது. சஜீவனும் பக்கத்து வீட்டு ரஜிதனும் பெட்டிக்கு மேலே ஏறி நின்று அமர்த்த, மற்றவர்கள் கல்லும் மண்ணும் போட்டார்கள். தம்பி அன்றிலிருந்து யாரோடும் சரியாகக் கதைப்பதில்லை.

நீங்கள் உங்கள் ஐயாவோடு கதைத்தீர்களா? வேறொன்றும் வேண்டாம். அதை மட்டும் எழுதுங்கள்.

சுமி


பாரிஸ்,
05.01.2024

அன்புச் சுமிக்கு,

உம்முடைய கடிதம் வந்து சில நாளாகிறது.

கதைத்தேன். ஐயா, "நீ அங்க இருந்துகொண்டு ஊரைக் குழப்பாத. உன்ர பேரும் கல்லில கிடக்கு" என்றார். அறையில் மற்றவர்கள் இருந்தார்கள். நான் மேலே ஒரு சொல் கதைத்திருந்தாலும், ஆருடைய செத்தவீடு என்று கேட்டிருப்பார்கள். போனை வைத்துவிட்டேன். பிறகு உம்முடைய அழைப்பை எடுக்க எனக்கு முகம் இல்லை. குளியலறைக்குள் நின்று அழுதேன். அவர் போட்ட சோற்றைத் தின்றவன் நான்.

கொட்டகைக்குக் கொடுத்தது எல்லாரும் கொடுத்ததால். கொடுக்காவிட்டால் ஏனென்று கேட்பார்கள். அங்கே ஆரை விடமாட்டார்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம் சுமி. பெப்ரவரிக் கடைசியில் கொழும்பில் உங்களுக்கு விசா நேர்முகம். மகளின் பிறப்புச் சான்றிதழை மறக்க வேண்டாம். வீரகத்தி அண்ணை திரும்பவும் கேட்டார். நீர் வட்டக்கச்சிப் பக்கம், தகப்பன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்று சொல்லிவிட்டேன். நீரும் அதையே சொன்னால் போதும். அப்பாவும் இப்போது இல்லைத்தானே. இனி ஒருவரும் துருவிக் கேட்கமாட்டார்கள். அம்மாவையும் தம்பியையும் பற்றிப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

இங்கே வந்து சேர்ந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும். பிள்ளை நல்லாய்ப் படிப்பாள்.

உம்முடைய
சிவகரன்


ஆறாம் வாய்க்கால்,
29.01.2024

தர்மிளாவின் அப்பாவுக்கு,

அப்பாவின் முப்பத்தோராம் நாளும் முடிந்தது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அறிவிக்கிறேன்.

அந்தச் சுடலைக் காணி அரசாங்கக் காணி என்று விசாரித்ததில் தெரிந்தது. ஆறாம் வாய்க்கால் ஆட்கள் எல்லாரும் கையெழுத்து வைத்து, எங்களுக்கும் அதில் இடம் வேண்டுமென்று பிரதேச சபையில் கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. பார்ப்போம் என்கிறார்கள். கிடைக்குமோ தெரியாது. அதற்குள் ஊரில் அறுவடைக்கு எங்கள் ஆட்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. மெசின் கொண்டுவந்து வெட்டுகிறார்கள். சஜீவனுக்கும் மேசன் வேலை இல்லை. பரந்தன் பக்கம் தேடிப் போகிறான்.

நேற்று உங்கள் ஐயா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நாங்கள் கலியாணம் முடித்த பிறகு இதுதான் முதல் தடவை. அம்மா கதிரை கொண்டுவந்து வைத்தார். அவர் அதில் இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தார்.

"பிள்ளை, நீ பிரான்சுக்குப் போற ஆள்," என்றார். "உனக்கேன் இந்தச் சுடலைக் கதை? கையெழுத்தை எடு. மகனும் அங்க சங்கத்துக்கு முகம் குடுக்கவேணுமெல்லே."

"நான் போகேல்லை மாமா," என்றேன்.

அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. சொன்ன பிறகு மாற்றவேண்டும் என்றும் தோன்றவில்லை. தர்மிளா என் பின்னால் வந்து, "இவங்க யாரும்மா?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டார். அந்தப் பேச்சு அவள் என் அப்பாவின் மடியில் பழகியது. அதை அவள் வாயிலிருந்து பிடுங்க என்னால் முடியாது.

அப்பா இல்லாதது உதவி என்பதுபோல் எழுதிவிட்டீர்கள். வேண்டுமென்று எழுதியிருக்கமாட்டீர்கள், உங்களை எனக்குத் தெரியும். அதனால்தான் தாங்க முடியவில்லை. நீங்கள் அங்கே சொன்ன அந்த உத்தியோகத்தரின் மகளாக நான் வரமாட்டேன். நேர்முகத்துக்குப் போகவில்லை. பத்திரங்களை நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்த அட்டையோடு நீங்கள் இங்கே வர முடியாது என்பது தெரியும். என்றைக்காவது முடிந்து, மகளைப் பார்க்க நினைத்தால், வாருங்கள். அதற்குள் பாதைகள் மாறியிருக்கும். சந்தியில் இறங்கி, சங்கிலி வீடு எங்கே என்று கேளுங்கள். காட்டுவார்கள்.

சுமித்திரா