ஆறு கேன் கறுப்பு ஆயில்

அன்பு மகள் அபிஷாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். பெல்ஃபாஸ்ட் குளிரில் நீயும் சுகமாக இருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ஆய்வகச் சோதனை முடியவில்லை, கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று நீ சொன்னாய் அல்லவா, மறுநாளே அப்பா மெக்கானிக் ஜக்கையனிடமிருந்து ஜீப்புகளில் வடித்த கறுப்பு ஆயிலைக் கேன் கேனாகக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார். எதற்கு என்றால், "எம் மக ஒரு மருந்து வச்சிருக்கா, ஊத்துனா தேன் கலர்ல வந்துரும்" என்கிறார். அது மருந்தில்லை, தண்ணீரே சேராமல் திரவமாக இருக்கிற ஒருவகை உப்பு, எண்ணெயோடு கலக்கினால் கந்தக அழுக்கைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும், நம் மகள் சுத்தம் செய்வது மசகெண்ணெய் தயாரிக்கிற மூல எண்ணெயை, போடிமெட்டு மலை ஏற்றத்தில் ஜீப்பில் ஓடிக் கரியானதை இல்லை என்று என் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியைத் தூசி தட்டிச் சொன்னேன். மனிதர் கேட்டால்தானே. மழை வந்ததும் ஆறு கேனையும் ஏலக்காய் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை ஏலக்காய் இழுத்துக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்! சரக்குப் பார்க்க வந்த வியாபாரி வீரணன் ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, "காய் நல்லாத்தான் இருக்கு எட்வர்ட் அண்ணே, லிட்டர் என்ன வெல?" என்று கேட்டுவிட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். நல்லவேளை, கெட்டது ஒரு மூட்டைதான். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும் என்று நிழலில் விரித்து ஃபேன் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு நன்றாகத் திட்டினேன். அப்பா ஒரு கேன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "எனக்கு மட்டும் தெரியாதா புஷ்பம்? அம்மா அப்பாவப் பாக்கப் போறேன்னா புள்ளைக்கு லீவு தர மாட்டாக. எண்ணெய்ச் சோலின்னா விடுவாகள்ல" என்றார். மூன்று வாரமாக இந்த மனிதருக்குக் கந்தகத்தை விளக்கிக்கொண்டிருந்த என்னை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஐந்து கேனை ஜக்கையனிடமே திருப்பி அனுப்பிவிட்டேன். ஒன்றை மட்டும் விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருக்கிறேன். போடியில் ஒரு சாம்பிள் இருக்கிறது, நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று உன் பேராசிரியரிடம் சொல். அதில் பொய் ஒன்றுமில்லை. டிக்கெட் எடுத்தால் முதலில் எனக்குச் சொல், அப்பாவை இரண்டு நாளாவது தவிக்கவிட வேண்டும்.

கையுறை இல்லாமல் அந்த உப்பைத் தொடாதே. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா புஷ்பலதா