வாசலில் சொன்ன சொல்

14 ஒக்டோபர் 2006, சனி. மொன்றியல்.

இத்தாலியிலிருந்து திரும்பி ஒன்பது நாளாகிறது. அங்கே அண்ணை குடியிருக்கும் கடற்கரை ஊரில் அவரோடு ஒரு வாரம் வேலை எதுவுமின்றி இருந்தேன். விடிய அலையில் கால் நனைய நடந்தோம். பின்னேரங்களில் குடைக்குக் கீழே இருந்து கதைத்தோம்.

புறப்பட்ட அன்று வாசலில் டாக்சி நின்றது. கடவுச்சீட்டை மூன்றாம் தடவையாகச் சரிபார்த்தபடி, "சரி அண்ணை, போறன்" என்றுவிட்டேன்.

"போட்டு வாறன் எண்டு சொல்லடா. இவ்வளவு படிச்சும் இது தெரியேல்லையே?" என்று சிரித்தார். டாக்சிக்காரன் ஹோர்ன் அடித்தான். நான் திருத்திச் சொல்லாமலே ஏறிவிட்டேன்.

இன்று பின்னேரம் அண்ணையின் மகன் அங்கிருந்து போன் எடுத்தான்.

"சித்தப்பா, அப்பா விடிய மயங்கி விழுந்தவர், இன்னும் நினைவில்லை. இரவு தாண்டாது எண்டு டொக்டர் சொல்லுறார். காதுக்குக் கிட்ட போனைப் பிடிக்கிறன், கதையுங்கோ."

கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில், "போட்டு வாறன், அண்ணை" என்றேன்.

வைத்த பிறகுதான் யோசித்தேன், இம்முறை புறப்படுகிறவர் அவரல்லவா. அவர் சொல்லவேண்டியதையும் நானே சொல்லிவிட்டேனோ.