சோதனைக்கு ஒரு எண்

மார்ச் 4, செவ்வாய்

சல்லடை இன்றும் என் வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "தேதி கேட்கும் இடத்தில் எழுத்தை அடித்தாலும் ஏற்றுக்கொள்கிறது. சரிபார்க்கவும்." தேதி கேட்கும் இடத்தில் எந்த மடையன் எழுத்தை அடிப்பான்? இவள் அடிப்பாள். நாங்கள் எழுதும் புரோகிராம்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். சல்லடை என்று பெயர் வைத்தது நான். நேரில் பார்த்தால் அக்கா, முதுகுக்குப் பின்னால் சல்லடை. அவளுக்கும் அது தெரியும். போன பிறந்தநாள் கேக்கில் அந்தப் பெயரையே எழுதச் சொன்னாள், வெட்கங்கெட்டவள்.

வக்கீல் போன் செய்தார். பாப்பா யாரிடம் இருப்பது என்ற வழக்கு அடுத்த மாதம் முடிந்துவிடுமாம். "வேலையை மட்டும் விட்டுடாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பக்கம் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். வீட்டுக்காரராம். வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

மார்ச் 6, வியாழன்

பல்லழகர் கூப்பிட்டார். எங்கள் மேனேஜர். நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டுக்கும் அதே முப்பத்திரண்டு பல்.

"யாராவது வேலையை விட்டுப் போனா கார்டு, மெயில், சம்பளம், இன்சூரன்ஸ்னு நாலையும் தனித்தனியா மூட வேண்டியிருக்கு. ஒரே வெப் சர்வீஸா பண்ணிடு. ஆளோட நம்பரைக் கொடுத்தா நாலும் மூடிக்கணும். கேட்டதுக்குப் பதில் சொன்னா புரோகிராமைத் தானே எழுதற விசார்ட் இருக்கே, அரை நாள் வேலைதானே?"

"திரும்பத் திறக்கறதுக்கு?"

"அது எதுக்கு?" சிரித்தார். "வெளிய யார்கிட்டயும் சொல்லாதே."

ஆள்குறைப்பு. வேறென்ன? எத்தனை பேர், யார் யார் என்று கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

முடித்துவிட்டேன். விசார்ட் என்றால் மந்திரவாதி என்று அர்த்தம். இந்த மந்திரவாதிக்குத் தெரிந்த ஒரே மந்திரம் 'அடுத்து'. சர்வீஸின் பெயர் என்ன? அடுத்து. உள்ளே என்ன கொடுப்பீர்கள்? ஊழியர் எண். அடுத்து. பதிலாக என்ன வரவேண்டும்? அடுத்து. எந்த சர்வரில் வைக்கவேண்டும்? அதை அதுவே நிரப்பி வைத்திருந்தது. அடுத்து. முடி. கூடு முழுவதையும் அதுவே எழுதிவிட்டது. உள்ளே நாலு கதவையும் மூடுகிற வரிகளை எழுதியது மட்டும் நான்.

கடைசியில் சோதனைப் பக்கம் ஒன்றையும் தானாகவே போட்டுக் கொடுத்தது. ஒரு பெட்டி, ஒரு பொத்தான். பெட்டியில் ஒரு எண் வேண்டும். எங்கள் பிரிவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் மேல் கடுப்போ அவர் எண்ணைப் போடுவது. சோதனை சர்வரில் இருப்பது நகல்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? பல்லழகரின் சம்பளத்தைப் பூஜ்யமாக்கிப் பார்க்காதவர்கள் எங்களில் யாரும் இல்லை.

சல்லடையின் எண்ணைப் போட்டேன். 4471. பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. மனதுக்கு இதமாக இருந்ததால் இன்னொரு தடவை அழுத்தினேன்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் வாசலில் சல்லடை நின்றுகொண்டிருந்தாள். கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. பத்து வருஷமாக அவளுக்கு வணக்கம் சொல்லும் செக்யூரிட்டி, விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். "பாரேன், இந்தக் கதவை யாரும் என்கிட்ட டெஸ்டிங்குக்கு அனுப்பல போல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். மேசைக்கு வந்து உட்காரும்வரை எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. சத்தியமாக.

உட்கார்ந்ததும் நேற்றுப் போட்ட எண் ஞாபகம் வந்தது. விசார்டைத் திறந்து பார்த்தேன். போன வாரம் சம்பளக் கணக்கில் ஒரு பிழையைத் திருத்த லைவ் சர்வரின் முகவரியைக் கொடுத்திருந்தேன். அது அதையே நினைவில் வைத்துக்கொண்டு நேற்றும் நிரப்பியிருக்கிறது. நான் படிக்காமல் 'அடுத்து' அழுத்தியிருக்கிறேன். நகல் இல்லை. நிஜம். நாலும் மூடிவிட்டது.

இன்றைக்குத்தான் அவள் புருஷன் இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேருகிற நாள். பஸ் ஓட்டுகிறவர், ஆறு மாதமாகக் கால் ஊன்ற முடியவில்லை. வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், காதில் போனோடு எழுந்து நின்றுவிட்டாள். குரல் உள்ளே வரை கேட்டது. "இன்சூரன்ஸ்ல பேரே இல்லைங்கறாங்களா? நல்லாப் பாக்கச் சொல்லுங்க. எத்தனை வருஷமாக் கட்டறோம்!"

நேராகப் பல்லழகரிடம் போய்ச் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "நாலும் ஒரே அழுத்துல மூடிச்சா? அப்ப வேலை செய்யுது."

"சார், உடனே திறக்கணும். அவங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில..."

"திறக்கணும்னா மேலிடத்துல கேக்கணும். கேட்டா விஷயம் வெளிய வரும். வந்தா நீயும் போவே." சிரிப்பு. "சரி, உனக்காக ஒண்ணு சொல்றேன். லிஸ்ட்ல பதினோரு பேர். அதுல நீயும் ஒருத்தி. உன் வேலை திரும்பத் திரும்ப வருதுல்ல, அதான். மேல எண்ணிக்கையைத்தான் பாப்பாங்க, ஆளைப் பாக்க மாட்டாங்க. அந்தம்மா போனாங்கன்னா எனக்குப் பதினொண்ணு சரியாப் போச்சு. யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

திரும்பத் திரும்ப வருதாம். திருப்பி அனுப்பினது யாரு? அவதானே! அவ எழுதி எழுதித்தானே என் பேரு அங்க போய் உக்காந்துச்சு! நான் எதுக்கு அழணும்?

பாப்பா தூங்கிவிட்டாள். ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு.

மார்ச் 12, புதன்

நான் ஒன்றும் சொல்லவில்லை. பல்லழகர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

அவள் மேசையில் இருப்பதைப் பெட்டியில் போட்டுக் கீழே கொடுக்கச் சொன்னார். வேறு ஆளே கிடைக்கவில்லையா? என்னிடம்தான் சொன்னார். முதுகுக்கு வைக்கும் குஷன், மூக்குக் கண்ணாடி, தலைவலித் தைலம், இழுப்பறையில் பாதி பிஸ்கட். கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏய், நீ ஏன்டி அழறே? வேலை போனது எனக்கு" என்று என் கன்னத்தில் தட்டினாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

மீதிப் பத்துப் பேரையும் இன்று மூடினேன். பல்லழகர் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடச் சொன்னார். முடித்தேன். பத்தும் வெற்றி. இந்தத் தடவை முகவரியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

மார்ச் 25, செவ்வாய்

அக்கா போன் செய்தார். பெயரைப் பார்த்தும் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை பாப்பா எடுத்து என் காதில் வைத்துவிட்டாள்.

ஆபரேஷன் நடக்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரி தொடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர அடுத்த வருஷம் ஆகுமாம். "நாள் முழுக்க ஜன்னல்கிட்ட உக்காந்து, போற பஸ்ஸையெல்லாம் திட்டறாரு. சரியா கியர் போடத் தெரியலையாம் எவனுக்கும்" என்று சிரித்தார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். தலைமை அலுவலகத்தில் முறையிட்டிருக்கிறார். மற்ற பத்துப் பேருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு மூடியிருக்கிறார்கள், தனக்கு மட்டும் சொல்லாமல் மூன்று நாள் முன்னாலேயே எப்படி மூடியது என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த சர்வீஸை எழுதியது நான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது.

"உன்னைத்தான் சாட்சியாப் போட்டிருக்கேன். நீ என்னைக் கண்டபடி திட்டுவே, எனக்குத் தெரியாதா? ஆனா பொய் சொல்ல மாட்டே."

சரிக்கா என்றேன். வேறென்ன சொல்வது?

ஏப்ரல் 2, புதன்

விசாரணை. நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஹெச்.ஆர். அம்மா, பல்லழகர், எதிரே அக்கா. நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "சோதனை செய்யும்போது தவறுதலா யாருடைய கணக்காவது மூடப்பட்டதா?"

"இல்லை. சோதனைக்குப் பொய் எண்களைத்தான் போட்டேன். எல்லாம் சரியா வேலை செஞ்சது."

என் குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நடுங்கவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் புரோகிராமில் பிழையைக் கண்டுபிடித்ததும் ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பாப்பாவை அடித்துவிட்டேன். பால் டம்ளரைக் கொட்டியதற்கு. டம்ளருக்கா அடித்தேன்?

ஏப்ரல் 16, புதன்

பாப்பா என்னோடுதான்! நீதிபதி சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார், "நிலையான வேலை" என்று சொல்லி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. வாசலிலேயே பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன். எட்டு வயசுப் பிள்ளை, இடுப்பு பிடித்துக்கொண்டது.

நான் செய்தது சரிதான். என் இடத்தில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். என் பிள்ளைக்காகச் செய்தேன். பட்டியலில் இருந்தவள் நான், பிழைத்துக்கொண்டேன். இதில் என்ன தப்பு?

மே 9, வெள்ளி

மற்ற ஊர்க் கிளைகளும் அந்த சர்வீஸைக் கேட்கிறார்களாம். அதற்கு மதியம் பெரிய ஹோட்டலில் விருந்து. எனக்குப் பதவி உயர்வு. எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது லிஃப்டில் பல்லழகரும் நானும் மட்டும். நல்ல மனநிலையில் இருந்தார். நானும்தான். அந்தத் தைரியத்தில், "அன்னைக்கு என் பேரை லிஸ்ட்லேருந்து எடுத்தீங்களே சார், அதை நான் மறக்கவே மாட்டேன்" என்றேன்.

"இன்னுமா அதை நம்பிக்கிட்டு இருக்கே?" என்றார். "லிஸ்ட்ல உன் பேரே கிடையாதும்மா. இருந்ததே பத்துப் பேர்தான். அந்தம்மா வருஷா வருஷம் உன்னைப் பத்தி எழுதிக் கொடுக்கும். குறை சொன்னா சண்டை போடுவா, ஆனா அவளை மாதிரி திருத்தறவ இந்தப் பிரிவுலயே இல்லைன்னு. அதைப் படிச்சுட்டு உன்னை யார் போடுவாங்க? அன்னைக்கு நீ நின்ன நிலையைப் பாத்தா நேரா மேலிடத்துக்கே போய்ச் சொல்லிடுவே போல இருந்துச்சு. அப்புறம் ரெண்டு பேருமே இல்ல மாட்டிக்குவோம்? அதான் சும்மா ஒண்ணு சொல்லி வச்சேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு.

எங்கள் மாடி வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, "நீ முதல்ல போம்மா" என்றார்.

போனேன்.