என் அண்ணன் திருடிய தண்ணீர்

அன்பு மகள் ஹுல்கருக்கு,

ஃபர்கானாப் பள்ளத்தாக்கின் ஒப்பற்ற பொய்யனும் பதினேழு கோழிகளுக்கும் ஒரு செவிட்டுக் கழுதைக்கும் அதிபதியுமான உன் சித்தப்பா நுர்மத் எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, உன் சித்தி, நான், கழுதை, கோழிகள் எல்லோரும் அவரவர் தகுதிக்கு ஏற்ற சுகத்தோடு இருக்கிறோம், அங்கே கொரியாவில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் இருமல் தும்மல் இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள்வானாக. இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். யாரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பமாட்டாய், எழுதுகிற எனக்கே பாதிக்குமேல் நம்பிக்கை இல்லை என்று ரொட்டியின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

முந்தாநாள் தொலைபேசியில் நீ அழுதபடி கேட்டது காதிலேயே நிற்கிறது. "அடக்கத்தன்னிக்கு சந்தூக்குப் பெட்டிக்கு முன்னாடி நின்னு, பக்கத்து வயல் ஹோஷிம் எங்கப்பாவத் திருடன்னு கத்தினாராமே, எங்கப்பா என்னத்தத் திருடினார், உள்ளதச் சொல்லுங்க சித்தப்பா" என்றாய். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, தொலைபேசியில் என்னால் ஒழுங்காகப் பொய்கூடச் சொல்ல முடியாது, உண்மையை எப்படிச் சொல்வது. உனக்குச் செய்தி சொன்னவள் என் மகள்தான். பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், முதல் பாதியைக் கேட்டதும் ஓவென்று ஒப்பாரி வைத்துவிட்டார்கள், மறுபாதி அவர்கள் காதுக்குப் போகவில்லை. அந்த மறுபாதியைத்தான் இப்போது எழுதுகிறேன். நீ வரமுடியவில்லையே என்று மருகாதே. காலையில் மூச்சு நின்றவரை பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கிவிட்டோம், விமானம் என்ன, மின்னலில் ஏறி வந்திருந்தாலும் உனக்கு எட்டியிருக்காது.

உன் அப்பா யோல்தாஷ் எப்பேர்ப்பட்ட உழைப்பாளி என்று உனக்குத் தெரியும், ஆனால் என் அளவுக்குத் தெரியாது. அவர் எழுந்து வயலுக்குப் போகும் நேரத்தில் சேவல்கள் இரண்டாம் தூக்கத்தில் இருக்கும். எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று எங்கள் தெருச் சேவல்கள் கூடிப்பேசி, கூவுவதையே விட்டுவிட்டுக் கொழுக்கத் தொடங்கின. அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தாலே களைகள் தாமே வேரோடு எழுந்து பக்கத்து ஊருக்குக் குடிபோகும். ஒரு வருஷம் அவர் வயலில் விளைந்த முலாம்பழத்தை வீட்டுக்குள் கொண்டுவர மதிலை இடிக்க வேண்டியதாயிற்று, அதைக் குடைந்து தின்ற பிறகு அந்த ஓட்டுக்குள் அந்திஜானிலிருந்து வந்த விருந்தாளிகள் இரண்டு பேர் ஒரு வாரம் தங்கிப் போனார்கள், குளிர் தெரியவில்லை என்று புகழ்ந்தார்கள். உன் கல்யாணத்தில் உன்னை அனுப்பிவிட்டு அவர் கொட்டிலுக்குப் பின்னால் போய் அழுத அழுகையில் வாய்க்காலில் நீர் ஏறிவிட்டது. கீழ்த்தெருக்காரர்கள் முறைத் தண்ணீர் முந்தி வந்துவிட்டதென்று மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள், ஒருவன் நாக்கில் வைத்துப் பார்த்து "உப்புக் கரிக்குதுடா, யோல்தாஷ் மகளை அனுப்பிட்டான்போல" என்றானாம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஊர் வைத்த பேர் தூங்குமூஞ்சி. வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்தப் பேரை வைத்தவன் நான். பதினோரு வருஷத்துக்கு முன், பெரும் தண்ணீர்ப் பஞ்சம் வந்த கோடை, உனக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் நமக்குத் தண்ணீர் முறை, அன்று உச்சிவெயிலில் தொடங்கி அஸர் வரைக்கும். முலாம்பழக் கொடியில் காய் திரளும் நேரம், அந்த ஒரு முறை தவறினால் எல்லாம் போச்சு. நீயும் அம்மாவும் சந்தைக்குப் போயிருந்தீர்கள், நான் வழக்கம்போல் தேநீர்க்கடையில் நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நம் வயலில் ஒரு சொட்டு இல்லை, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, உன் அப்பா மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். கண் அசந்துவிட்டேன், அதற்குள் முறை முடிந்துவிட்டது என்றார். நீ போட்ட சத்தம் ஞாபகம் இருக்கிறதா? "கோழி முட்டை போட்டாக்கூட முழிச்சுக்கிட்டு போடும்ப்பா, நீங்க இப்படித் தூங்கிட்டீங்களே, என் படிப்பு போச்சே!" என்றாய். அவர் உன் தலையைத் தடவி "ஆமா கண்ணு, தூங்கிட்டேன்" என்றார். உன் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது. நான் அன்றைக்கே தேநீர்க்கடைக்குத் திரும்பிப் போய்ப் பேரை வைத்தேன், மறுநாள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவரைக் கண்டதும் குறட்டை விட்டுக் காட்டின. அவரும் கூடவே சிரித்தார்.

இனி அடக்கத்தன்று நடந்த ஜனாஸா தொழுகைக்கு வருகிறேன். துக்க வீட்டு வழக்கப்படி நானும் உன் அண்ணன்மாரும் இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு கோலூன்றி வாசலில் நின்றோம். இமாம் வழக்கப்படி, இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கூட்டத்தைக் கேட்டார், நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாம் முறை கேட்டார், சொன்னார்கள். மூன்றாம் முறை கேட்டபோது ஹோஷிம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நம் வயலுக்கு அடுத்த வயல்காரர், வரப்பில் நின்ற மல்பெரி மரம் யாருடையது என்று சண்டை போட்டு அப்பாவோடு பதினேழு வருஷமாகப் பேச்சே இல்லாதவர். "நல்ல மனுஷன்னு நான் சொல்ல மாட்டேன். இவன் திருடன்!" என்றார். உன் பெரியண்ணன் கோலை ஓங்கிவிட்டான், சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி கிளம்பியது அப்போதுதான். ஹோஷிம் அசையவில்லை. "அடிக்கணும்னா அடிடா தம்பி, சொல்லி முடிச்சதும் அடி. தண்ணித் திருடன் இவன். தன் வீட்டு மொறைத் தண்ணிய, பொண்டாட்டி புள்ளைக்குத் தெரியாமத் திருடி, நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ என் வயலுக்குப் பாய்ச்சினவன். நான் பொழைச்சு வந்து பாத்தா என் கொடி பச்சையா நிக்குது, இவன் கொடி கருகிக் கெடக்குது. மடையடைச்ச சேத்துல ஒரு மண்வெட்டித் தடம். முனை ஒடஞ்ச மண்வெட்டி இந்த ஊர்ல இவன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு. பதினோரு வருஷமா எனக்குத் தெரியும். வாய்தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. தூங்குமூஞ்சின்னு நீங்க சிரிச்சப்போ நானும் சேந்து சிரிச்சேன். இமாம், இப்பக் கேளுங்க, இன்னொரு தடவ கேளுங்க" என்றார்.

நம் ஊரில் யாருக்கும் நான்காம் முறை கேட்டது கிடையாது, உன் அப்பாவுக்குக் கேட்டார்கள். நல்ல மனிதர் என்று கூட்டம் சொன்ன பதிலில் அலாய் மலையின் பனி மூன்று முழம் சரிந்தது, எல்லைக்கு அப்பால் கிர்கிஸ்தானில் மேய்ந்த குதிரைகள் தலைதூக்கிப் பார்த்தன, என் செவிட்டுக் கழுதை முதல்முறையாகக் காதை அசைத்தது. எல்லோரும் சொன்னார்கள், பிறந்ததிலிருந்து வாய் மூடாத நான் மட்டும் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சந்தூக்கைத் தூக்கியபோது முன்கால் ஒன்றை ஹோஷிம் பிடித்தார். அடக்கம் செய்யும் மையத்தாங்கரை வரை யாருக்கும் தோள்மாற்றித் தரவில்லை.

ஆளுக்குப் பாதி தண்ணீர் என்று பிரித்திருக்கலாமே என்று கேட்பாய். அந்த வருஷம் வந்த தண்ணீர் பூனை நக்கவே காணாது, பிரித்திருந்தால் இரண்டு வயலும் செத்திருக்கும். நமக்காவது ஆப்ரிகாட் மரங்கள் இருந்தன, ஹோஷிமுக்கு அந்தக் கொடி தவிர ஒன்றுமில்லை, பிள்ளைகளும் ரஷ்யாவில், அவர் முறைக்கு மடை திறக்கவும் ஆளில்லை. வீட்டிலாவது சொல்லியிருக்கலாமே என்று உன் அம்மா இரண்டு நாள் அழுதாள். எனக்குக் காரணம் தெரியும். வீட்டில் சொன்னால் எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் தேநீர்க்கடைக்குத் தெரியும். ஹோஷிமின் வீம்புக்கு, பகையாளி விட்ட தண்ணீர் என்று ஊர் வாயில் கேள்விப்பட்டால் அத்தனை கொடியையும் பிடுங்கி எறிந்திருப்பார். ஆக, என் வாய்க்குப் பயந்துதான் அண்ணன் அந்தப் பேரைச் சுமந்தார். நாற்பதாம் நாள் நினைவு விருந்தின் புலாவுக்கு அரிசி களைவது நான்தான் என்று சொல்லிவிட்டேன், ஊரே வந்தாலும் அந்தச் சட்டியை வேறு கை தொடக்கூடாது.

உன் அம்மா இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறாள், கவலைப்படாதே. ஹோஷிம் தினமும் காலையில் வந்து நம் மடையைப் பார்த்துவிட்டுப் போகிறார், வீட்டுக்குள் வரச் சொன்னால் மாட்டேன் என்கிறார், வெட்கமாம். நீ குளிரில் காலுறை இல்லாமல் அலையாதே, பிள்ளைக்கு நம் மொழியில் பேசு. நாற்பதுக்கு வரமுடியாவிட்டாலும் அன்றைக்கு அங்கே நாலு பேருக்குச் சோறு போட்டுவிடு. நீ பிள்ளைகுட்டியோடு நிறைந்து வாழ வேண்டும், உன் கை பட்ட இடமெல்லாம் துளிர்க்க வேண்டும், மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல்.

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது சேவலுக்கும் பழத்துக்கும் கழுதைக்கும் நன்றாகச் சிரியுங்கள், எல்லாம் நான் அளந்தது. ஒரு சின்ன இடம் மட்டும் மெய், அங்கே சிரிக்காதீர்கள். அன்றைக்கு உன் அப்பா தூங்கவில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
நுர்மத்