மதினி வைத்த ஐந்து பட்டன்கள்

என் பிரியத்துக்குரிய ரேவதி மதினிக்கு,

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் நான்கு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் நீங்கள் எனக்காக வைத்துக்கொடுத்த ஐந்து பட்டன்களையும் நான் அழித்துவிட்டேன். ஐந்தையும் அழிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒன்றை மட்டும் எடுக்கத்தான் கைவைத்தேன். அந்த ஒன்று எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலிலிருந்தே சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து. எழுதிக்கொண்டே போனால்தான் மனசு ஓர் இடத்தில் உட்காருகிறது. இல்லையென்றால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து உரசித் தீப்பிடித்தபோது, நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய என்னிடம் இருந்தது அரைக் கைகள்தான். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கி நின்றுவிட்டன. இடது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் சொன்னபடி கேட்டன. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு ஊட்டியது நீங்கள். தலை பின்னிவிட்டது நீங்கள். புதுப்பெண்ணுக்கு இப்படி ஒரு வேலை வாய்த்ததே என்று ஊர் பேசியது உங்கள் காதில் விழுந்ததா மதினி? விழுந்திருந்தாலும் நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு நாள், நீங்கள் வேலை பார்த்த சாத்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் ஓரங்கட்டிக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியை அண்ணன் ஓட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். கனமான விண்டோஸை அது தாங்காது என்று, பதிலுக்கு லினக்ஸில் மெலிந்த வகை ஒன்றைப் போட்டீர்கள். பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"முத்து, இதுல என்ன செய்யணும்னு நெனைக்கிற?"

"என்னால என்ன மதினி செய்ய முடியும்?"

"அதக் கேக்கல. என்ன செய்யணும்னு ஆசைன்னு கேட்டேன்."

எழுதணும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஆனால் மவுஸ் எனக்கு அடங்கவில்லை. மடங்கிய கையின் முட்டியால் அதைத் தள்ளுவேன். திரையில் அம்பு எங்கோ ஓடும். படத்தின் மேல் நிறுத்தி இரண்டு தட்டுத் தட்டுவதற்குள் அது நழுவிப் போய்விடும். மூன்றாவது நாள் நான் அழுதுவிட்டேன். நீங்கள் சமாதானம் சொல்லவில்லை. ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து வந்து உட்கார்ந்தீர்கள்.

"ரெண்டு தட்டுத்தான உனக்கு ஆகல? ஒரு தட்டுல தெறக்கிற மாதிரி செஞ்சிருவோம். அடியில ஒரு பட்டை கெடக்கு பாரு, பேனல்னு சொல்லுவாக. அதுல எத வச்சாலும் ஒரே தட்டுதான். எம்புட்டு பெருசா வேணும் சொல்லு."

"என் கை தப்பாத அளவுக்கு."

அந்தப் பட்டையை அடியிலிருந்து எடுத்து இடது ஓரத்தில் நிறுத்தினீர்கள். நான் மவுஸை இடது பக்கமாகத் தள்ளினால் போதும், திரையின் விளிம்பில் அம்பு தானாக முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் ஓடாது என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். பட்டையைத் தீப்பெட்டி அகலத்துக்கு விரித்தீர்கள். அதற்குள் மேலிருந்து கீழாக ஐந்து படம். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்து, நீங்களே வரைந்தது. எழுது. கேள். கூப்பிடு. பிரதி. நிறுத்து.

'எழுது' தமிழில் தட்டச்சு செய்கிற பக்கத்தைத் திறக்கும். 'கேள்' பாட்டுப் பாடும். 'நிறுத்து' பெட்டியை அணைக்கும். 'பிரதி'யை அமுக்கினால் அன்றைக்கு எழுதியதெல்லாம் பென் டிரைவில் ஏறிக்கொள்ளும். நடுவில் இருந்த 'கூப்பிடு' மட்டும் எனக்கும் உங்களுக்குமானது. அதை அமுக்கினால் சைக்கிள் பெல் அடிக்கும். தண்ணீர் வேண்டுமென்றாலும், முதுகு அரித்தாலும், நான் கத்திக் கூப்பிடக் கூச்சப்படுகிறேன் என்று அதை வைத்தீர்கள். எங்கிருந்து தள்ளினாலும் பக்கமாக இருக்கட்டும் என்று நடுவில் வைத்தீர்கள்.

பிறகு சிவகாசியில் நாட்காட்டி அச்சடிக்கிற மைதீன் பாயிடம் நீங்களே போய்ப் பேசினீர்கள். நாட்காட்டியின் அடியில் போடுகிற கடைப் பெயர்களை, முகவரிகளைத் தட்டச்சு செய்கிற வேலை எனக்கு வந்தது. காரியாபட்டி உரக்கடை, விருதுநகர் பருப்பு மண்டி, சாத்தூர் சேவுக்கடை என்று நான் ஒற்றை விரலால் தட்டத் தட்ட, அண்ணன் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். "சீசன் முடியட்டும், இந்தப் பேனல் வேலையெல்லாம் எப்படிச் செய்யுறதுன்னு உனக்குச் சொல்லித் தாரேன்" என்றீர்கள்.

சீசன் முடிவதற்குள் உங்கள் கண் மஞ்சளானது. பதினோரு நாள். மதுரைக்குக் கொண்டுபோனோம். உங்கள் உடம்போடுதான் வேன் திரும்பி வந்தது.

நீங்கள் போன பிறகு ஏழெட்டு மாதம் அந்தப் பெட்டியை யாரும் போடவில்லை. அண்ணன் தினமும் காலையில் அதன் மேல் தூசி தட்டுவார். உங்கள் துணிமணியை உங்கள் அம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், போட்டோவைக்கூடப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். கம்ப்யூட்டரை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலையில்லாத விரல் எப்படித் துடிக்கும் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த சீசன் தொடங்கியதும் மைதீன் பாய் போன் செய்தார். "தாயி, ஆர்டர் வர ஆரம்பிச்சிருச்சு. ஒன்னால முடியும்னா அனுப்புறேன். முடியலேன்னாலும் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." நான் அண்ணனைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானம் பெட்டியைப் போட்டு எழுதத் தொடங்கினேன். அண்ணன் ஒரு நடை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுதியதைப் பிரதி எடுக்க மவுஸைத் தள்ளினேன். பழக்கம் விட்டுப்போன கை அதற்கு ஒரு பட்டன் மேலே, 'கூப்பிடு'வில் நின்றுவிட்டது. பெல் அடித்தது.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ரேவதி, பிள்ள கூப்பிடுதா பாரு" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு எழுந்து கை கழுவிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு முறை அடித்தேன், தெரியாமல்தான். இரண்டாவது முறை அவர் வாசலில் இருந்தார், திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை திரும்பவும் இல்லை. தெருவைப் பார்த்து நடந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, அந்த மணிய மட்டும் எடுத்துரவா?"

"அதுல கைவைக்காத முத்து."

"தெரியாமப் பட்டுப் பட்டு அடிக்கிதுண்ணே. உங்களுக்கும் கஷ்டமா இருக்கு."

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. அவ வச்சது வச்சபடி இருக்கட்டும்."

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மவுஸைத் தள்ளுவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிரதியை விட்டுவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவேன். நடுவில் கரண்ட் போய், எழுதியது போய், மறுபடி எழுதுவேன். மைதீன் பாய் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு ரெண்டு நாள் தாமசமாகுது தாயி. மிஷின் காத்துக் கெடக்கு. இந்த லோடை மட்டும் வேற ஆளுக்குக் குடுத்துக்கிறட்டா?" கோபமில்லாமல்தான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

போன வியாழக்கிழமை காலை, அண்ணன் வேனோடு போன பிறகு நான் கைவைத்தேன். மவுஸின் வலது பட்டனை அமுக்குவதே எனக்குப் பாடு. ஐந்தாறு முறை தவறி, பட்டையின் மேல் ஒரு பட்டியல் விரிந்தது. பேனலில் இருப்பதைச் சேர்க்க, நீக்க என்று ஓர் இடம். அதில் உங்கள் பட்டன்கள் தனித்தனியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரே பெயர்தான் இருந்தது. அதற்குள் போனால் மணி கிடைக்கும் போல என்று எதையோ அமுக்கினேன். நான் அமுக்கியது நீக்கு.

இடது ஓரம் வெறும் சாம்பல் நிறமாக நின்றது, மதினி. எழுது இல்லை, கேள் இல்லை, எதுவுமே இல்லை. நீங்கள் இரண்டாவது முறை போனது போல இருந்தது எனக்கு.

அண்ணன் வருகிற வரை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். வந்ததும் சொல்லிவிட்டேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொன்னேன்ல. கைவைக்காதன்னு சொன்னேன்ல. அவ கையால செஞ்சது அது ஒண்ணுதான இங்கன மிச்சம்" என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் முறை.

நானும் சும்மா இருக்கவில்லை. "நானும் அவுக மிச்சம் வச்சதுதாண்ணே. எனக்கு வேலை போகப் போகுது" என்றேன்.

சொன்னது தப்பா மதினி? நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்?

மறுநாள் அண்ணன் விடியும் முன்னே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் அந்தத் திரையைக் கிளறிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், நீக்கியது பட்டன்களை வைத்திருந்த தட்டைத்தான், பட்டன்களை இல்லை என்று மெதுவாகப் புரிந்தது. 'லாஞ்சர்' என்று அங்கே பெயர் போட்டிருந்த அந்தத் தட்டைப் புதிதாகச் சேர்த்தால், எதை எதை அதில் வைக்கலாம் என்று ஒரு பெரிய பட்டியலைக் காட்டியது. ஆனால் அதிலிருந்த எழுத்துகள் எறும்பு அளவு. என் கைக்கு அகப்படவே இல்லை.

சனிக்கிழமை காலை அண்ணனிடம் போய் நின்றேன். "உங்க கை வேணும்ண்ணே. நான் சொல்லச் சொல்ல அமுக்கினாப் போதும்."

அவர் மவுஸைத் தொட்டதே கிடையாது. ஸ்டீயரிங்கைப் பிடிப்பது மாதிரி இறுக்கிப் பிடித்தார். பட்டியலை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். இங்கிலீஷ் பெயர்களுக்கு நடுவே தமிழில் ஐந்து வரி வந்தது. நீங்கள் படத்தில் வரைந்த பெயர் வேறு, உள்ளே கொடுத்திருந்த பெயர் வேறு என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்பு ஒரு பட்டன் மேல் அசையாமல் நின்றால் அந்தப் பெயர் காட்டுமாம். என் கையில் அம்பு எப்போது அசையாமல் நின்றது?

அண்ணன் சத்தமாக வாசித்தார். "தப்பு வந்தா வரட்டும், நீ எழுது." அதைச் சேர்த்தோம். அதன் கீழே இருந்ததை வாசிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். நான் எட்டிப் பார்த்தேன். "அடுப்படியிலதான் இருக்கேன். கேக்கலேன்னா இன்னொரு தடவ அமுக்கு."

அண்ணன் வெகுநேரம் அந்த வரி மேலேயே அம்பை வைத்திருந்தார். பிறகு, "அவ அடுப்படியில இல்லையே முத்து" என்றார். அழுதார். நீங்கள் போன நாளில்கூட அவர் அழவில்லை. நான் என் முட்டிக் கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். "இதச் சேக்கணுமா?" என்று கேட்டார். அது 'பிரதி'. சேர்த்தோம்.

இப்போது பட்டையில் நான்குதான், நல்ல இடைவெளி விட்டு. அன்றைக்கே காரியாபட்டி ஆர்டர் முழுவதையும் முடித்துவிட்டேன். மைதீன் பாய் அடுத்த லோடையும் எனக்கே அனுப்பிவிட்டார். உங்கள் மணி பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. பட்டையில் மட்டும் இல்லை. இதைச் சொல்லத்தான் நான்கு நாள் தவித்தேன். நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று அண்ணன் சொல்கிறார். எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

இன்னொரு செய்தி. நேற்று அண்ணன் சாப்பிடும்போது சொன்னார்: "ஏழாயிரம்பண்ணையில பேச்சியம்மான்னு ஒரு பிள்ள இருக்கு. போன சீசன்ல பட்டாசுக் கம்பெனியில தீப்பிடிச்சு வலது கை மணிக்கட்டோட போயிருச்சு. வீட்டுக்குள்ளேயே கெடக்காம். பாய்கிட்ட இன்னும் ஒரு ஆளுக்கு வேலை இருக்குமா? கூட்டிட்டு வரட்டுமா?"

திங்கட்கிழமை வருகிறாள். அவளுக்கு இருப்பது இடது கை. இடது கையால் உள்பக்கமாகத் தள்ளினால் அம்பு வலது ஓரத்தில்தான் போய் முட்டும். அப்படியென்றால் பட்டையை அந்தப் பக்கம் வைக்க வேண்டும், இல்லையா? அகலம் எவ்வளவு வேண்டும்? அவளுக்கு எழுதத்தான் ஆசையா, வேறு ஏதாவதா? உங்களைக் கேட்க முடியாதது கையிலே ஊசி குத்துவது போல இருக்கிறது. வலது ஓரத்துக்கு மாற்றியும் திருப்பி வைத்தும் காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை எல்லாம் மறைந்துபோனது. இரண்டு முறையும் அந்த எறும்பு எழுத்தோடு மல்லுக்கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மதினி. நீங்கள் சொல்லித்தர நேரமில்லாமல் போனதையெல்லாம் நான் தட்டுத்தடுமாறிக் கற்று, ஒவ்வொரு படியாக ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். இதையெல்லாம் வைத்தது யார் என்று அதில் உங்கள் பெயர் இருக்கும். அதற்கும் மேலே, முதல் வரியாக இதை எழுதுவேன்: உன் கைக்குத் தோதாக இல்லையென்றால் மாற்றிக்கொள், யாரையும் கேட்க வேண்டாம்.

என்றும் உங்கள் நாத்தனார்,
முத்துலட்சுமி