மூன்றாவது சீட்டு

7.11.2006, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குடையை மறந்தேன். வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள துணை மின் நிலையத்தில் (து.மி.நி.) வேலை. வயல்கள் வழியே போகும் கிழக்கு ஃபீடர் லைனின் ரிலே மூன்றையும் சோதிக்க வேண்டும். இரண்டு, கம்பியும் கம்பியும் உரசினால் சப்ளையை நிறுத்த. ஒன்று, கம்பி அறுந்து தரையில் விழுந்தால் நிறுத்த.

ரிலேயை லைனின் சுவிட்சோடு இணைக்கும் டிரிப் லிங்கைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். அங்கே அது துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, போன வருடமே எழுதிக் கொடுத்தாயிற்று. ஆகவே வழக்கமான சீட்டு வைத்தியம்: ரிலேயின் இரண்டு காண்டாக்டுக்கும் நடுவில் ஒரு துண்டு அட்டை. ரிலே வேலை செய்தாலும் ஃபீடர் நிற்காது. பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சீட்டு, மூன்று.

முதல் ரிலே சரி. இரண்டாவது மந்தம், 3.1 நொடி வர வேண்டியது 3.8. ஏகப்பட்ட தூசி. துடைத்துச் சரி செய்தபின் 3.2. போதும். மூன்றாவது சரி. ஆபரேட்டர் கலியமூர்த்தி பின்னாலேயே நின்று அவசரப்படுத்தினார். "சீக்கிரம் மூடிய போடுங்க மேடம், மழ ஜாஸ்தியாவுது, பஸ்ஸ உட்டுடுவீங்க." போட்டேன். ஓடினேன். பஸ் கிடைத்தது.

மாலை 6, சிதம்பரம், வீடு. நனைந்த பையைக் கொட்டினேன். திருப்புளி 2, ஸ்டாப்வாட்ச், ஒயர், டிபன் பாக்ஸ், அரை பாக்கெட் பிஸ்கட். சீட்டு 2.

மறுபடி உதறினேன். 2.

எந்த ரிலேயில் விட்டேன்? ஞாபகம் இல்லை. சீட்டு இருக்கிற ரிலே வேலை செய்யாது. தரைக்கு உள்ளதில் இருந்துவிட்டால், அறுந்த கம்பி வயலில் சப்ளையோடு கிடக்கும். சம்பாவில் களை எடுக்கிற சமயம். வயல் முழுக்கப் பெண்கள்.

து.மி.நி.க்குப் போன் போகவில்லை, லைன் அவுட். இவர் சொன்னார்: "பையிலதான் எங்கனா இருக்கும். காலைல தேடிக்கலாம், வா சாப்பிடு." கடலூர் ஆபீஸ் பெரிய சாரைக் கூப்பிட்டு ஃபீடரை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ரிசீவரை எடுத்தேன், வைத்துவிட்டேன். பதினோரு வருட சர்வீஸில் இப்படி ஒன்று என்று எப்படிச் சொல்வது? எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

8.11, புதன்

முதல் பஸ். சேத்தியாத்தோப்புக்கு முன்னால் ரோட்டில் முழங்கால் தண்ணீர், வண்டி நின்றுவிட்டது. இறங்கி நடக்கப் பார்த்தேன். கண்டக்டர் விடவில்லை. "எங்கம்மா போறீங்க? பள்ளம் மேடு தெரியாது. உக்காருங்க, தண்ணி வடியட்டும்." மூன்று மணி நேரம். முன்சீட்டுக்காரர் வேர்க்கடலை கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது 11.20. கலியமூர்த்தி கேட்டுக்கே வந்துவிட்டார்.

"மேடம், காலைல கெழக்கு ஃபீடர்ல கம்பி அறுந்து வயல்ல உழுந்துடுச்சி. ஆறு பேரு களை எடுத்துக்கினு இருந்திருக்காங்க."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல மேடம்! உழுந்த உடனே டிரிப், சப்ளை நின்னுடுச்சி. உள்ள வந்து பாருங்க."

தரைக்கு உள்ள ரிலேயில், அது வேலை செய்ததற்கு அடையாளமாக, சிவப்புக் கொடி விழுந்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு மூடிகளைத் திறந்தேன். சீட்டு இரண்டாவது ரிலேயில். அந்த மந்தக்காரனிடம். தங்க எழுத்தில் 'சுற்றமும் நட்பும்' என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பிகள் உரசியிருந்தால்? அதை இப்போது நினைக்கப்போவதில்லை.

"கிழிச்சிப் போட்டுடுங்க மேடம். நான் ஒண்ணும் பாக்கல" என்றார் கலியமூர்த்தி. நல்ல மனிதர். சீட்டைப் பர்ஸில் வைத்தேன். ரிஜிஸ்தரை எடுத்து நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து வரி. "ஏன் மேடம் இப்படி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வேர்க்கடலை முழுவதையும் தின்றேன்.

9.11, வியாழன்

வெயில்! கடலூர் ஆபீஸ். பெரிய சாரிடம் நேரிலேயே சொன்னேன். முழுக்கக் கேட்டார். அப்புறம், "முந்தாநாளே எனக்குப் போன் பண்ணியிருக்கணும்." ஆமாம் சார் என்றேன். விளக்கம் கேட்டு மெமோ வரும். லிங்க் மாற்ற ஆள் அனுப்புகிறாராம். அது போன வருடமே நடந்திருக்கலாம், சொல்லவில்லை, மெமோ வாங்குகிறவள் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

மத்தியானம் மீன் சாப்பாடு, இரண்டு தரம் சோறு வாங்கினேன். மனசு லேசாக இருக்கிறது.

மகளின் பழைய சிவப்பு ரிப்பன், முழ நீளத்தில் மூன்று. சீட்டுக்கு ஒன்றாகத் தைத்தாயிற்று. ரிப்பன் வெளியே தொங்கினால் ரிலே மூடி சேராது. மறக்கவே முடியாது. முன்னாலேயே ஏன் தோன்றவில்லை?

10.11, வெள்ளி

சிதம்பரத்துக்குக் கிட்டவே ஒரு து.மி.நி. அங்கே ஆபரேட்டர் சிரிக்கிறார்: "இன்னா மேடம், ரிலேக்கு சடை பின்னி உட்டிருக்கீங்க?" சிரிக்கட்டும். போனது 3, வந்தது 3.

மாலையில் கலியமூர்த்தி வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு பை வெண்டைக்காய். களை எடுத்த ஆறு பேரில் அஞ்சலை என்று ஒருத்தி கொடுத்தாளாம். "கரண்ட நிறுத்துற பொட்டிய முந்தின நாளு வந்து பாத்துட்டுப் போனாங்களே, அந்த மேடத்துக்கு"ன்னு.

கூசிவிட்டது. "சீட்டு விஷயம் தெரியாமக் கொடுத்திருக்காங்க. திருப்பிக் கொண்டு போங்க."

"தெரியும் மேடம். நானே சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ஒண்ணுல மறந்தாங்க, இன்னொண்ணு நிறுத்திச்சில்ல. ஒளிக்காம எழுதி வேற வெச்சிருக்காங்க. காய் முத்தறதுக்குள்ள கொண்டுபோய்க் குடு'ன்னுச்சி."

வெண்டைக்காய் பிஞ்சு. இவர் நறுக்குகிறார். அடுப்பில் புளி கொதிக்கிறது, போகிறேன்.